தலையணை உறைக்குள் உம்மாவின் கபன்

வெளிநாட்டுக்குப் போகிறவளிடம் எங்கள் ஊர்ச் சனம் கேட்கும் சாமான்களுக்குக் கணக்கில்லை. ஒருத்திக்கு அபாயா, இன்னொருத்திக்கு அத்தர், மற்றவளுக்குப் பூப்போட்ட பிளாஸ்க். கல்முனைப் பசாரில் இதெல்லாம் குவிந்துதான் கிடக்கிறது. ஆனாலும் சவூதியிலிருந்து வந்த பிளாஸ்கில்தான் தேத்தண்ணி ஆறாது என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பிளாஸ்க் மட்டும் போதுமா, ஒட்டகமும் ஒண்டு கொண்டு வரவா?" என்று கேட்டுப் பலருடைய கோபத்தை வாங்கிக் கட்டியிருக்கிறேன். உம்மா மட்டும் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. அதனால் யுத்தம் முடிந்த வருடம், நான் லீவில் வரப்போகிறேன் என்று சொன்னதும் உம்மா போனில் ஒன்று கேட்டபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மகள், ஒண்ட மதாம் உம்றாவுக்குக் கூட்டிப் போறதெண்டு சொன்னாயே. மக்கத்துல கபன் துணி வாங்கி, ஸம்ஸம் தண்ணியில நனைச்சிக் காயவெச்சிக் கொண்டு வா. எனக்கு."

கபன் என்றால் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, சுற்றி அடக்கும் வெள்ளைத் துணி.

"உங்களுக்கு என்ன செய்யுது உம்மா? மறைக்காமச் சொல்லுங்க."

"எனக்கொண்டும் செய்யல்ல. நேத்தும் சவளக்கடைக்குப் போய் வெள்ளாம பாத்திட்டு வந்தன். சும்மா பதறாத."

பிறகுதான் உம்மா காரணத்தைச் சொன்னார். சுனாமி வந்த அன்று சாச்சி, அதாவது உம்மாவின் ஒரே தங்கை, எங்கள் பழைய வீட்டின் பின்வேலியில் மையித்தாகக் கிடைத்தார். ஊரெல்லாம் மையித்து. குளிப்பாட்ட ஆளில்லை, கடை திறக்க ஆளில்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்து வந்த சிவப்புப் பூப்போட்ட பெட்சீற்றில் சுற்றி, பலரோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கினார்கள். உம்மா கிட்டப் போவதற்குள் மண் போட்டாயிற்று. அந்த அவசரத்தில் அப்படிச் செய்வது கூடும் என்று மௌலவிமார் சொன்னார்கள். மார்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. உம்மாவின் மனத்தில்தான் குறை இருந்தது. இத்தனை வருடமும் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் வேலை செய்த வீட்டு மதாம் உம்றா யாத்திரைக்குக் கூட்டிப் போனபோது, மக்காவில் நல்ல பஞ்சுத் துணியாகப் பார்த்து வாங்கினேன். அங்குள்ள புனித ஊற்றான ஸம்ஸத்தின் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தங்கியிருந்த அறையின் கதிரைகளில் விரித்துக் காயவைத்தேன். மதாம் பார்த்துவிட்டு, தன் தாயாரும் இப்படித்தான் வாங்கி வைத்திருந்தார் என்று சொல்லி, துணியில் படாமல் ஒதுங்கி நடந்து போனாள்.

அங்கேதான் நான் ஒரு சட்டம் போட்டேன். உம்மாவின் கை படுவதற்கு முன்னால் அந்தத் துணியில் வேறு யாருடைய கையும் படக்கூடாது. உம்மா கேட்டதல்ல, நானாகப் போட்டது. எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பெட்டி வந்தால் வீடு நிறையச் சனம் வரும், ஆளுக்கொரு கை விட்டுக் கிளறும். அதற்குப் பயந்து, துணியை மடித்துப் புதுத் தலையணை உறைக்குள் வைத்து, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்தேன். தைத்ததை ஒரு கம்பளிக்குள் சுருட்டினேன். கம்பளியைப் பெட்டியின் நட்டநடுவில் வைத்து, சுற்றிவரப் பால்தூள் அடைத்த மாப்பால் ரின்களை அடுக்கி, பெட்டிக்கு நீலக் கயிறு போட்டு வரிந்து கட்டினேன். இவ்வளவு பத்திரம் பண்ணினால் எந்தச் சுங்க அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும் என்று என் மரமண்டைக்கு அப்போது எட்டவில்லை.

றியாதில் விமானம் ஏறும்போது பக்கத்து இருக்கையில் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளும் என்னைப் போல வீட்டு வேலைக்குப் போனவள். அவளுக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். ஆனால் இரண்டு பேரும் சவூதிச் சமையலறையில் அரபு படித்தவர்கள். இலக்கணம் இல்லாத அரபு, சட்டி பானை அரபு. கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை ஓயாமல் அதில்தான் கதைத்தோம். ஒரே நாட்டுக்காரிகள் இரண்டு பேர் அரபியில் மாமியாரைத் திட்டுவதைப் பார்த்து விமானப் பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே சுங்கச் சோதனைக்குப் போனேன். பெட்டி ஸ்கேனருக்குள் போய், நின்று, பின்னால் வந்து, திரும்பவும் போனது. ஓர் இளம் பெண் அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். கயிறு அறுபட்டது, மாப்பால் ரின்கள் மேசையில் வரிசையாக ஏறின, கம்பளி விரிந்தது, தலையணை உறை வெளியே வந்தது.

"மொகத்த மே?" என்றாள். இது என்ன என்கிறாள். அவ்வளவு எனக்குத் தெரியும்.

"ரெதி," என்றேன். துணி.

ஏன் தைத்திருக்கிறது என்று கேட்டாள் என்பதும் விளங்கியது. அதற்குப் பதில் சொல்லத்தான் என்னிடம் சிங்களம் இல்லை. அவள் உறையை அமுக்கிப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். நான் இரண்டு கைகளையும் உறையின் மேல் விரித்து வைத்துவிட்டேன்.

"வெட்டாதீங்க! வெட்டாதீங்க தங்கச்சி, அது உம்மாட!"

தமிழில் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு அதிகாரி, உயரமான ஆண், விறுவிறு என்று வந்தார். அப்போதுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். கிழக்கிலிருந்து வந்தவள், கறுப்பு அபாயா, தைத்து மறைத்த பொதி, தொட விடாமல் கத்துகிறாள். நானே அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன். எனக்குப் பயம் வந்தது. என்னை என்ன செய்வார்களோ என்பதை விட, துணியைப் பறித்துக்கொண்டு போய் எங்காவது அழுக்குத் தரையில் போட்டுவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். உம்மா வாய் திறந்து கேட்ட ஒரே சாமான். அதை விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுப் படி ஏறுவது?

மாத்தறைக்காரி அதற்குள் தன் சோதனை முடிந்து வாசல்வரை போய்விட்டாள். கண்ணாடிக்கு வெளியே அவளுடைய பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். என் சத்தம் கேட்டதும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். என்ன அக்கா, என்ன இது என்று அரபியில் கேட்டாள்.

கபன் என்பதே அரபுச் சொல்தான். ஆனால் சமையலறையில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? அவள் அதைக் கேட்டதே இல்லை. நான் எனக்குத் தெரிந்த சட்டி பானை அரபியில் விளக்கினேன். இது துணி. என் உம்மாவுக்கு. உம்மா மௌத்து. இப்போது இல்லை, பிறகு. செத்தவளைப் போலக் கண்ணை மூடி, கைகளைச் சேர்த்து, தலையைச் சாய்த்தும் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு அதிகாரிகளிடம் சிங்களத்தில் சொன்னாள். உயரமானவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"உன் அம்மாவுக்குக் கடும் வருத்தமா?" என்று அவள் அரபியில் மாற்றிக் கேட்டாள்.

இல்லை, நல்ல சுகம், வயலுக்குப் போய் வருகிறார் என்றேன். அதைக் கேட்டு உயரமானவர் சிரித்துவிட்டார். சுகமாக இருக்கிற தாய்க்கு மகள் சவக்கோடி வாங்கி வருகிறாளே என்று நினைத்திருப்பார். இளம் அதிகாரி சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டாள்.

"சுனாமி," என்றேன்.

அந்த ஒரு சொல்லை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உம்மாவின் தங்கை, பெட்சீற், ஒரே குழி என்று மிச்சத்தை நான் துண்டு துண்டாகச் சொல்ல, மாத்தறைக்காரி கொஞ்ச நேரம் எனக்காகக் கதைத்தாள். பிறகு அவள் தனக்காகக் கதைக்கத் தொடங்கிவிட்டாள் என்று அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளும் கடற்கரைக்காரிதான். விமானத்தில் எல்லாக் கதையும் கதைத்தோம், இதை மட்டும் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

இளம் அதிகாரி கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். நீயே பிரி என்று சைகை காட்டினாள். ஒரு பக்கத்து நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து, உறையின் வாயை விரித்துப் பிடித்தேன். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணியின் மடிப்புகளை நான்தான் ஒன்றொன்றாக விரலால் தூக்கிக் காட்டினேன். அவள் தொடவே இல்லை. பார்த்து முடிந்ததும் தலையசைத்தாள். மாப்பால் ரின்களை அடுக்க உயரமானவரும் கை கொடுத்தார். என் தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றி உறையின் வாயை மூடினேன். மாத்தறைக்காரியைக் கட்டிப்பிடித்து ஒரு பொதி பேரீச்சம்பழத்தை அவள் பையில் திணித்தேன். அவள் பிள்ளைகளிடம் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை, நல்லாயிருக்க வேண்டும்.

என் காக்கா, அதாவது அண்ணன், வேன் கொண்டு வந்திருந்தார். மகியங்கனைப் பாதையால் ஊருக்குப் போனோம். முன்பெல்லாம் சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டியை இறக்கி ஏற்றியே இடுப்பு ஒடிந்துவிடும். அந்த முறை ஒரு சிப்பாய் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். இவ்வளவு சுலபமாக வீட்டுக்குப் போகலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் எங்கள் ஊர்ச் சுங்கம் வீட்டில் காத்திருந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து ஒரு சவர்க்காரத் துண்டுகூடத் தப்பவில்லை. உம்மா உறையை வாங்கி ஊசிகளைக் கழற்றி, துணியை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தார். பெருநாள் சட்டை கிடைத்த பிள்ளையைப் போல எழும்பி, கண்ணாடிக்கு முன்னால் தோளில் வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"நீளம் காணும்," என்றார். போதுமான நீளம் என்று அவ்வளவு திருப்தி.

பிறகு, நான் காத்துவந்த துணியை அவரே எல்லோரிடமும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தலையில் கை வைத்தேன். தொட்டவர்களில், நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அடுத்த வீட்டுப் பெண்ணும் ஒருவர். உம்மாவை விட மூத்தவர், தனி ஆள். அவருடைய ஒரே மகளைக் கடல் கொண்டுபோனது, மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. அவர் துணியின் ஓரத்தை விரலால் மட்டும் தடவினார்.

"இது ஸம்ஸத்துல நனைச்சதா புள்ள?"

"ஓம் ராத்தா."

அதன் பிறகு அவர் அடிக்கடி பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் வருவார். உம்மா அலுமாரியைத் திறந்து துணியை ராத்தாவின் மடியில் வைத்துவிடுவார். தடவிக்கொண்டே ராத்தா மகளைப் பற்றிக் கதைப்பார், உம்மா சாச்சியைப் பற்றிக் கதைப்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்கூட. "இப்பிடித் தடவினா மௌத்தாக முன்னமே துணி தேஞ்சி போகும்," என்று நான் முணுமுணுப்பேன். யார் காதிலும் விழாது.

என் லீவு முடிவதற்குள் ஒரு காலை ராத்தா முற்றத்தில் மயங்கி விழுந்தார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். காக்கா கபன் வாங்கப் பசாருக்குப் புறப்பட்டார். உம்மா, "நில்லு மகன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து அலுமாரியைத் திறந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"உம்மா, பசாருல எத்தின துணிக்கடை இரிக்கி? இத ஏன் எடுக்கிறீங்க? இதுக்காக நான் ஏர்போட்டுல பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ தானே எல்லாருக்கும் கதை கதையாச் சொன்னாய்," என்றார் உம்மா. "அவ ஆசப்பட்டவ, மகள். வாய் திறந்து கேக்கத்தான் வெக்கம். தள்ளு."

தள்ளினேன். வேறென்ன செய்ய? கோபத்தோடே போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். குளிப்பாட்டும் பெண்களுக்கு நடுவில் உம்மாவும் இருந்தார். கபனிடும்போது அவர் யாரையும் விடவில்லை. தன் கையாலேயே விரித்து, தன் கையாலேயே இழுத்துச் சரிசெய்து, ஒரு சுருக்கம் இல்லாமல் போர்த்தினார்.

ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோன பிறகு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன். உம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இப்ப உங்களுக்கு என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"எனக்குக் கடைத் துணி காணும்," என்றார். "எண்ட தங்கச்சிய எண்ட கையால போத்த ஏலாமப் போச்சி, மகள். இண்டைக்குப் போத்திட்டன்."

பிறகு ஒரு மிடறு குடித்துப் பார்த்து, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.