மழையில் நிறுத்திய வண்டி

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. இங்கே குளிர்காலம் என்றால் மழைதான். பனி கொட்டும் தென்தீவிலிருந்து எங்கள் வேலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் இதைப் பார்த்து, இதெல்லாம் ஒரு குளிர்காலமா என்று சிரிப்பார்கள். ஒரு மாதம் அம்புலன்ஸ் ஓட்டியபிறகு சிரிக்கமாட்டார்கள். தார் ரோட்டில் ஊறிக் கிடக்கும் எண்ணெய் மழையில் மேலே வரும். மோட்டர்வேயின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கும். அதன்மேல் வேகமாக ஏறினால் சக்கரம் ரோட்டை விட்டுவிடும். மற்றக் கார்களில் கண்ணாடிகள் ஏற்றியிருக்கும், ஹீட்டர் இரையும், வைப்பர் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் சைரன் அவர்களுக்குக் கேட்பது நாங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தபிறகுதான். கேட்டதும் திடுக்கிட்டு நடுரோட்டிலேயே பிரேக் அடிப்பார்கள். அதனால் மழைநாளில், உயிர் போகிற அவசரத்திலும், நாங்கள் மெதுவாகத்தான் போவோம். வண்டிக்குள் இருக்கும் சொந்தக்காரருக்கு இதைப் புரியவைப்பது கடினம்.

எனக்கு இந்த வேலை பிந்திக் கிடைத்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் படித்து, அம்புலன்சில் முதலுதவி செய்யும் பரமெடிக் ஆனேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி பச்சைச் சட்டையும் கனத்த சப்பாத்துமாக அம்புலன்சிலிருந்து இறங்குவது எங்கள் ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

இது நடந்த குளிர்காலத்தில் என்னோடு வேலை செய்தவர் ஒரு சமோவாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் ஓட்டினால் நான் பின்னால் நோயாளியோடு இருப்பேன். அடுத்த அழைப்புக்கு நான் ஓட்டுவேன். ஓட்டும்போது அவர் செய்யப்போவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுவார். "இடதுபக்கம் திரும்புகிறேன்." "பிரேக்." "ரோட்டில் ஒரு மேடு." பின்னால் சீட் பட்டி போடாமல் நின்று வேலை செய்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதும், கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆனால் நாலு பேர் சத்தம் போடும் நேரத்திலும் அதை விடாமல் செய்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஒரு காலை, ஏவன்டேலில் ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தது. விடிந்ததிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தது ஒரு தமிழ்ப் பெண். நெற்றியில் பொட்டு, கையில் போன். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் தமிழில் கேட்டதும் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க தமிழா? சீக்கிரம் வாங்கக்கா. நெஞ்சு வலிங்கறாரு. வேலைக்குக் கிளம்பிட்டிருந்தாரு, அப்படியே உட்கார்ந்துட்டாரு."

கணவர் குளியலறை வாசலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். எல்லர்ஸ்லியில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை என்று மனைவி சொன்னார். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. வலி நெஞ்சில் தொடங்கி முதுகுக்குப் போனதாம். யாரோ உள்ளே பிடித்துக் கிழிப்பது மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. என் கூட்டாளியை நிமிர்ந்து பார்த்தேன், அவரும் அந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயின் சுவர் உள்ளே கிழிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வலியைக் குறைக்கலாம், சத்திரசிகிச்சை செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

வண்டியில் ஏற்றும்போது மனைவி கேட்டார், "ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஆங்கிலத்தில் அதற்கென்று பழகிய வசனங்கள் இருக்கின்றன. தமிழில், கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் ஒருத்திக்கு, "ஒண்டும் ஆகாது" என்பதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் அது கல்நெஞ்சாகத்தான் ஒலிக்கும். "நோய் கடுமையாத்தான் இருக்கு. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்யிறம்" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

மனைவியை முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பின்னால் எனக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டியிருந்தது.

கிரேட் நோர்த் ரோட்டில் கார்கள் ஊர்ந்தன. மோட்டர்வேயில் ஏறியபோது ஆலங்கட்டியும் சேர்ந்துகொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் மானிட்டரின் ஒலிகூடக் கேட்கவில்லை. மருந்து ஏற்றினேன், வலி கொஞ்சம் இறங்கியது. பிறகு வண்டி பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியபோது கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பற்றி இழுத்தார். நான் குனிந்தேன்.

"மெதுவா போகச் சொல்லுங்க சிஸ்டர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கிழியுது."

"ஓம், சொல்லுறன். கொஞ்சம் பொறுங்கோ."

"அவகிட்ட சொல்லாதீங்க. பயந்துடுவா."

முன்னால் அதே நேரத்தில் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. ஆங்கிலத்தில், திரும்பத் திரும்ப, வேகமாகப் போங்கள், தயவுசெய்து வேகமாகப் போங்கள் என்று. என் கூட்டாளி தண்ணீர் தேங்கிய இடத்தைச் சொல்லி, பிரேக் சொல்லி, ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் சுழன்று தடுப்பில் மோதி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் தலையைத் திருப்பி ஆங்கிலத்தில் கத்தினேன்: "இன்னும் மெதுவாக, குலுக்காமல்." அவர் கையை உயர்த்திக் காட்டினார்.

மனைவி திரும்பி, நடுவிலிருந்த சின்னக் கண்ணாடித் திறப்பு வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. கணவர் கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. நகரத்துக்குள் திரும்பும் வளைவுக்கு முன்னால் முகம் சாம்பலாகியது. நாடி இல்லை. "நிறுத்துங்கள்" என்று கத்தினேன். பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தால் ஓட்டுகிறவர் ஏன் என்று கேட்கமாட்டார். "ஓரம் கட்டுகிறேன்" என்று சொல்லி, மோட்டர்வேயின் ஓரத்தில் நிறுத்தி, இன்னொரு வண்டியை அனுப்பும்படி ரேடியோவில் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி வந்தார். அவர் நெஞ்சை அழுத்த, நான் காற்றுக் கொடுத்தேன், மருந்து கொடுத்தேன். பெரிய லொறிகள் கடந்து போகும்போதெல்லாம் வண்டி ஆடியது.

பக்கக் கதவு இழுபட்டது. மனைவி மழையில் நின்றார். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஓடுற வண்டியில நெஞ்சை ஒழுங்கா அழுத்தேலாது. நிண்டாத்தான் செய்யலாம். தயவுசெய்து உள்ளுக்கு ஏறுங்கோ, கார் அடிச்சுப்போடும்."

அவர் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். இரண்டாவது வண்டி வந்து, அதிலிருந்தவர்கள் அவரைத் தங்கள் வண்டிக்குள் கூட்டிப்போகும்வரை அங்கேயே நின்றார். அவர்களில் மூத்தவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். வெகுநேரம் முயன்றோம். கடைசியில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூத்தவர் இறப்பின் நேரத்தைச் சொன்னார். என் கூட்டாளி கையை எடுத்துவிட்டு, அந்த மனிதரின் சட்டையை இழுத்து நெஞ்சை மூடினார்.

மனைவிக்குச் சொல்வது நான்தான் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சுற்றி வளைக்காமல் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும் என்பது. ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு சொல். தமிழில் எனக்கு எந்தச் சொல்? எங்கள் ஊரில் "மோசம் போயிட்டார்" என்போம், அது இவருக்கு விளங்காது. "போயிட்டார்" என்றால் எங்கே என்று கேட்கலாம். "காலமானார்" பத்திரிகையில் போடுகிற சொல். "செத்துப்போனார்" என்பதை ஒரு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் மழையில் நடந்த அந்தக் கொஞ்சத் தூரத்தில் இதையெல்லாம் யோசித்தேன். உள்ளே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் குந்தினேன்.

"உங்கட கணவர் இறந்திட்டார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க டாக்டரா?"

"இல்லை. ஆனா அவர் இறந்திட்டார்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "பாப்பாவ மூணு மணிக்கு ஸ்கூல்லேருந்து கூப்பிடணும்" என்றார்.

சில கிழமைகளுக்குப் பிறகு எங்கள்மீது முறைப்பாடு வந்தது. எழுதியவர் சிட்னியிலிருக்கும், இறந்தவருடைய அண்ணன். வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வந்தும் ரோட்டோரத்தில் நிறுத்தினார்கள், மெதுவாகப் போகச் சொன்னதே அந்தத் தமிழ்ப் பெண்தான் என்று இருந்தது. என் மேலாளர் அதை வாசித்துக் காட்டினார். கடைசி வரியில் என் காது எரிந்தது.

விசாரித்தார்கள். வண்டியின் வேகம், ரேடியோப் பதிவு, சவப்பரிசோதனை முடிவு எல்லாம் பார்த்தார்கள். குழாய் முழுக்கக் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை அறைக்குள் நடந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருப்பது சந்தேகம் என்றார்கள். எங்கள் இருவர்மீதும் பிழையில்லை என்று முடிந்தது. என் கூட்டாளி அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. "அவர் மனைவிக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த முறைப்பாட்டுக்குப் பிறகும் அவர் ஓட்டும் விதம் மாறவில்லை. ஆனால் முன்னால் சொந்தக்காரர் யாராவது உட்கார்ந்தால், என் கூட்டாளியின் கழுத்து விறைப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பேன்.

மெதுவாகப் போகக் கேட்டது நோயாளிதான் என்பதை விசாரணையில் சொல்லியிருந்தேன். மனைவியிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டதையும் சொன்னேன். முறைப்பாடு செய்தவர்களோடு நாங்களாகப் போய்க் கதைக்கக்கூடாது. மேலாளர்தான் ஒரு சந்திப்பை ஒழுங்கு செய்தார். "சொல்வதா விடுவதா என்பதை உங்களிடமே விடுகிறேன்" என்றார். எனக்கு அது பெரிய உபகாரமாகத் தெரியவில்லை.

சந்திப்புக்கு மனைவி தனியாக வந்தார். மெலிந்துபோயிருந்தார். மேசையில் வைத்த தேநீரைத் தொடவில்லை. மேலாளர் ஆங்கிலத்தில் மருத்துவ விவரங்களைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"நான் வேகமா போங்கன்னு கெஞ்சிட்டிருந்தேன். நீங்க மெதுவா போகச் சொன்னீங்க. நம்ம ஆளுங்கதானேன்னு நம்பினேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

இறந்தவருக்கு நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டார், நான் மறுக்கவுமில்லை. எனக்கு எதிரில் இருந்தவரோ உயிரோடு இருந்தார், என்னால்தான் தன் கணவர் செத்தார் என்று நம்பிக்கொண்டு.

"அவர்தான் கேட்டவர். குலுக்கக் குலுக்க நோகுது, மெதுவா போகச் சொல்லுங்கோ எண்டு."

"அவரா? அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே. வண்டில ஏத்தும்போதுகூட, ஒண்ணுமில்ல, பயப்படாதன்னுதானே சொன்னாரு."

"உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர். நீங்கள் பயந்திடுவீங்களாம்."

இதைச் சொன்னால் அவர் அழுவார், பிறகு மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தேன். அவர் அழவில்லை. முகம் இறுகியது.

"அவ்வளவு வலில இருந்திருக்காரு. நான் முன்னாடி உட்கார்ந்து ரோட்டப் பாத்துட்டிருந்தேன். என்னப் பின்னாடி உட்கார விட்டிருந்தா அவரு கையயாச்சும் பிடிச்சிருப்பேன்ல?"

பின்னால் இடம் இல்லை என்பது உண்மை. அவர் இருந்திருந்தால் என் கைகள் தடுமாறியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். தலையாட்டினார். அது ஒப்புக்கொண்ட தலையாட்டல் அல்ல. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முறைப்பாடு அத்தோடு மூடப்பட்டது. போகும்போது மேலாளருக்கு நன்றி சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். மகள் வந்து கண்ணாடியில் தட்டி, என்னம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வேலையில் நடப்பதை நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏவன்டேல் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கோயிலில் பழக்கம். என் வேலை அவருக்குத் தெரியும், அந்த வண்டியில் இருந்தது நான் என்பது தெரியாது.

"கேள்விப்பட்டனீரே? இஞ்ச ஏவன்டேலில இருந்த இந்தியாக்காரப் பெடியன். நெஞ்சுநோ. அம்புலன்ஸை நடுரோட்டில நிப்பாட்டிப்போட்டு மழை விடுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவையாம். பாவம், மனிசி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போயிட்டுது. உங்கட ஆக்கள் அப்பிடிச் செய்வினமே?"

அப்படி நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நோயாளியைப் பற்றி, அவர் எங்கள் வண்டியில் ஏறினார் என்பதைக்கூட, வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன்.

"செய்வினம், செய்வினம்," என்று சொல்லிவிட்டு அவர் கத்தரிக்காய்ப் பக்கம் போனார்.