மாமா ஆயா

அந்தப் படத்தில் என் கொழுந்தன் மொத்தமே நாலு நொடிதான் வருவான். அந்த நாலு நொடிக்காகக் குடும்பத்தோடு செம்பூரில் மத்தியானக் காட்சிக்குப் போனோம். படம் ஒரு இன்ஸ்பெக்டரைப் பற்றியது. நேர்மையான மனுஷன். ஏழை சனங்கள் போட்டுவைத்த பணத்தையெல்லாம் விழுங்கிய ஒரு வங்கி முதலாளியைப் பிடித்து உள்ளே தள்ளுகிறான். முதலாளி மறுநாளே கழுத்தில் மாலையோடு வெளியே வருகிறான், இன்ஸ்பெக்டருக்குத்தான் இடமாற்றம். கடைசியில் வெறுத்துப்போய், மூஞ்சியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதே வங்கியைக் கொள்ளையடிக்கக் கிளம்புகிறான். ஊரே கொண்டாடிய படம். டிவியில் அது வந்தால் நான் அணைத்துவிடுவேன். முன்வரிசையில் எவனோ கத்திய ஒரு வார்த்தைதான் காரணம்.

கல்யாணமாகி பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு நான் வந்தபோது எனக்கு இந்தியில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் தெரியும். பானி, கித்னா, அச்சா, நஹி. எங்கள் வீடு ஒரு அறை, மேலே ஒரு பரண். நான், என் வீட்டுக்காரர், அத்தை, கொழுந்தன் என்று நாலு பேர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. அண்ணனுக்கு அது போதும். தம்பிக்குப் போலீஸாக வேண்டும்.

சும்மா ஆசை இல்லை, பைத்தியம். விடியுமுன்னே எழுந்து ஓடப் போவான். வந்து நாலு முட்டையை விழுங்கிவிட்டு மராட்டிப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "மதினி, கேள்வி கேளுங்க" என்பான். எனக்கு மராட்டி ஒரு எழுத்துத் தெரியாது. கேள்வியையும் அவனே வாசித்து, பதிலையும் அவனே சொல்லுவான். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய வாத்திச்சி மாதிரி "சரி" என்பேன். "தப்பாச் சொல்லிட்டேன் மதினி" என்று சிரிப்பான். அந்த வீட்டில் வந்த புதிதில் என்னோடு சிரித்துப் பேசிய ஆள் அவன் ஒருத்தன்தான்.

அவனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரில் எங்கள் கல்யாணம் நடந்தபோது அத்தையின் தம்பி, அதாவது இவர்களுடைய தாய்மாமா, முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் மகளைக் கட்டாமல் என்னைக் கட்டிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல். அக்காவுக்கும் தம்பிக்கும் ஏற்கெனவே பூர்வீக நிலத்தைப் பற்றிக் கோர்ட்டில் வழக்கு வேறு. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் கரிக்கட்டைக்குத்தான் பம்பாயில இருந்து ரயிலேறி வந்தானாக்கும்" என்றார். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாம்பார் வாளியோடு நின்ற கொழுந்தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே போய் மாமா கன்னத்தில் ஒன்று விட்டான். போலீஸ் கீலீஸ் என்று யாரும் போகவில்லை, பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் எனக்காக ஒருத்தன் கை நீட்டினான் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

நான் வந்து ஆறு மாதத்தில் அவன் ஓட்டம், பரீட்சை எல்லாம் பாஸாகிவிட்டான். அத்தை தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். இனி வீட்டில் வந்து விசாரிப்பார்கள், அது ஒன்றுதான் பாக்கி என்றான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் சாதாரண உடுப்பில் இருந்தார். ஐம்பது வயது, நல்ல தொப்பை, சிரித்த முகம். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், ஆம்பிளைகள் பட்டறையில். நான் மட்டும். வாசலில் முக்காலியைப் போட்டு டீ கொடுத்தேன். அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "லட்கா கைசா ஹை?" என்றார். பையன் எப்படி என்கிறார். "அச்சா ஹை, பஹுத் அச்சா" என்றேன். தண்ணி போடுவானா என்று கையால் காட்டிக் கேட்டார். "நஹி, நஹி" என்றேன். எல்லாம் புரிகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் டீயை உறிஞ்சிக்கொண்டே விளையாட்டாகக் கேட்டார்: "மாமா லோக் சே கபி ஜக்டா கியா?"

ஜக்டா என்றால் சண்டை, அது தெரியும். மாமாவோடு எப்போதாவது சண்டை போட்டிருக்கிறானா என்று கேட்கிறார். என் காதில் மாமா என்ற சொல் விழுந்ததும் சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி சந்தோஷம். லோக் என்றால் ஆட்கள் ஆயிற்றே, இவனுக்கு ஒரே மாமாதானே, மரியாதைக்குச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, பாவி.

"ஹாங். பஹுத் ஜக்டா" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாரா க்யா?" அடித்தானா என்கிறார்.

"மாரா!" என்று சொல்லி, என் கன்னத்திலேயே கையை வைத்து எப்படி அடித்தான் என்று நடித்தும் காட்டினேன். எனக்காக அடித்தான் என்று சொல்ல ஆசைதான், அதற்கு இந்தி வரவில்லை.

"கேஸ்?"

நில வழக்கைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "கேஸ் ஹை. கோர்ட் மே. திருநெல்வேலி."

அவர் சிரிப்பு போய்விட்டது. நிறைய எழுதினார். காகிதத்தை நீட்டினார், தமிழில் கையெழுத்துப் போட்டேன். மீதி டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றைக்குச் சாயங்காலம், "என்ன கேட்டாவ மதினி?" என்று கொழுந்தன் பறந்துகொண்டு வந்தான். "நல்ல பையன்னு சொல்லிருக்கேன், போதுமா?" என்றேன். மாமா பேச்சை எடுத்தால் அத்தை சண்டைக்கு வந்துவிடுவாள், அதனால் அதைச் சொல்லவில்லை. அத்தைகூட, "பரவால்லையே, இந்திக்காரன்ட்ட பேசிட்டாளே" என்று மெச்சிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவன் மேல் வழக்கு இருப்பதாகவும் அதை மறைத்து விண்ணப்பம் போட்டதாகவும், அதனால் வேலை இல்லை என்றும் மராட்டியில் எழுதியிருந்தது. அவன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். ரிப்போர்ட் சரியில்லை என்றார்களே தவிர, யார் என்ன சொன்னார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. திருநெல்வேலி என்று அதில் இருந்ததைப் பார்த்ததும் அத்தை முடிவு கட்டிவிட்டாள். "எந்தம்பிதான் மொட்டக் கடுதாசி போட்டிருக்கான். அடி வாங்குன கோவம். அவன் வெளங்குவானா, நாசமாப் போவான்" என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றோடு தம்பி உறவை அறுத்தாள். தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நான் சொன்னது நில வழக்கைத்தானே, இது வேறு என்று நினைத்து, அத்தையோடு சேர்ந்து நானும்தான் அந்த மனுஷனைத் திட்டினேன். வாய் கூசாமல் திட்டினேன்.

கொழுந்தன் ஓடப் போவதை நிறுத்திவிட்டான். மராட்டிப் புத்தகம் பரணுக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து எங்கள் பக்கம் இந்தப் படத்துக்கு ஷூட்டிங் எடுக்க வந்தார்கள். போலீஸ் வேஷத்துக்கு ஆள் வேண்டும், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆள் வேண்டும் என்று தேடி இவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் காக்கிச்சட்டை போட்டான், சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். "டைரக்டர் என்ன சொன்னாரு தெரியுமா மதினி? நீ நெஜ போலீஸா வே, இவ்வளவு கரெக்டா சல்யூட் அடிக்கன்னு கேட்டாரு" என்றான். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

தியேட்டரில் அத்தை எனக்கு இடதுபக்கம், வீட்டுக்காரர் வலதுபக்கம், அவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன். இன்ஸ்பெக்டர் வங்கிக்குள் நுழைந்து துப்பாக்கியைக் காட்டுகிறான். வெளியே போலீஸ் ஜீப் சத்தம். உடனே முன்வரிசைப் பயல்கள், "மாமா ஆயா! மாமா ஆயா!" என்று கூச்சல் போட்டார்கள்.

மாமா வந்துட்டாரா? எனக்குத் தெரிந்து படத்தில் மாமா என்று யாரும் இல்லை. வீட்டுக்காரரிடம், "ஏங்க, யாருக்கு மாமா?" என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "ஏட்டி, போலீஸத்தாம்டி சொல்லுதானுவ. பம்பாயில போலீஸ்காரன்னா மாமா. இது கூடவா தெரியாது ஒனக்கு?"

டீ டம்ளரைக் கீழே வைத்த அந்த மனுஷனின் முகம் கண்முன்னே வந்தது. போலீஸை அடித்தானா என்று கேட்டிருக்கிறார், ஆமாம் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டியிருக்கிறேன். ஐயோ, என் வாயில் மண் விழ! அதே நேரம் பார்த்து அத்தை என் தொடையைக் கிள்ளி, "வாராம் பாரு, வாராம் பாரு!" என்றாள். திரையில் கொழுந்தன் ஜீப்பிலிருந்து குதித்து, பெரிய அதிகாரிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். முடிந்துபோயிற்று. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் ஹீரோ தன் போலீஸ் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிச் சாக்கடையில் வீசினான். தியேட்டரே விசிலடித்தது. எனக்கு அவனைச் செருப்பால் அடிக்கலாம் போல வந்தது. உனக்கு வேண்டாமென்றால் இங்கே கொண்டாடா, வாங்கிப் போட்டுக்கொள்ள ஒருத்தன் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அதைப் பிடுங்கினவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் மட்டும் சாப்பிட வந்தான். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் கை சோற்றில் அப்படியே இருந்தது. திட்டுவான், தட்டைத் தூக்கி எறிவான் என்று நின்றேன். எறிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்க பொய் சொல்லலியே மதினி" என்றான். "அடிச்சேம்லா."

"நான் வாரேன். எந்த ஆபீஸ்னு சொல்லு, வந்து கால்ல விழுதேன். புரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லுதேன்."

"யார்ட்ட போயிச் சொல்லுவிய? அந்த லிஸ்ட்டு முடிஞ்சு, கூட ஓடுன பயலுவ எல்லாம் ட்யூட்டியில இருக்கானுவ. எனக்கு வயசும் தாண்டிட்டு."

நான் அழுதேன். அவன் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, மீதிச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தான். தட்டை அவனே கழுவி வைத்தான். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "அம்மாட்ட இதச் சொல்லாண்டாம். ஒங்கள இருக்க விடமாட்டா. மாமா மேலயே கெடக்கட்டும்" என்றான்.

நான் சொல்லவில்லை. தினமும் சொல்லிவிடவேண்டும் என்று எழுந்திருப்பேன், அத்தை முகத்தைப் பார்த்ததும் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிடுவேன். போன வாரம் என் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஊரிலிருந்து மாமா. குரல் உடைந்து கிழடு தட்டியிருந்தது. "எம்மா, வச்சிராத. எங்க அக்காட்ட ஒரு வார்த்த சொல்லு. நான் எழுதல. என் பிள்ளையள் மேல சத்தியமா நான் எந்தக் கடுதாசியும் எழுதல தாயி."

அடுப்படியிலிருந்து அத்தை, "யாருட்டி போன்ல?" என்றாள்.

"ராங் நம்பர், அத்தை" என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.