தெரிந்தே தப்பாய்ச் சொன்னது

ஹாலோவே ஊரில் கார்டெல் பெட்வேயின் தலையைத் தொடாதவர்கள் குறைவு. முடிவெட்டும் கடையில் "இந்தத் தலைக்கா காசு?" என்று ஒரு தட்டு தட்டி அனுப்பிவிடுவார்கள். சபையில் பாஸ்டர் ஜெபத்தை முடிப்பதற்குள் சனிக்கிழமை ஆட்டத்தைக் கர்த்தருக்கு ஞாபகப்படுத்திவிடுவார். அலபாமாவில் அதெல்லாம் பாவமில்லை.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், தடுப்பு வரிசைக்குப் பின்னால், நட்டநடுவில் நிற்பவன் கார்டெல். பந்தோடு வருகிறவனை மோதிச் சாய்ப்பது பாதி வேலைதான். எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்த நொடியில் தன் ஆட்கள் பத்துப் பேரும் எங்கே நகர வேண்டும் என்று கத்திச் சொல்வது மீதி. அதற்கு ஞாபகசக்தி வேண்டும். அது அவனுக்கு அம்மா லோரெட்டாவிடமிருந்து வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதைக்கூட மறக்காத மனுஷி அவள்.

கல்லூரியில் சேர்ந்த வாரம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கணினியில் ஒரு பரிசோதனை வைப்பார்கள். பத்துச் சொற்கள் தோன்றி மறையும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் வேறு சொற்களோடு மறுபடி வைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அன்று மூத்த ஆட்டக்காரன் மேக் அவன் காதில் ஓதினான்:

"டேய், ரொம்ப அறிவாளித்தனம் காட்டாத. பாதியத் தப்பாப் போடு. நாளைக்கு மண்ட கலங்கினாலும் அதே மார்க்குதான் வரும். எவனும் உன்ன உக்கார வைக்க முடியாது."

பத்தும் கார்டெலின் நாக்கு நுனியில் நின்றன. நான்கைச் சொல்லிவிட்டு மிச்சத்துக்கு முழிப்பதுபோல் நடித்தான். இரண்டு முறை அந்தத் தந்திரம் அவனைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றுதான் அந்த முட்டாள் நினைத்தான். பிறகு வந்த பையன்களுக்கெல்லாம் அவனே வாத்தியாரானான். இந்த வருடம் அவனுக்கு மாற்றாக வந்த எல்லிஸுக்கும் அவன்தான் பாடம் எடுத்தான்.

கடைசி வருடம், கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் ஒருவனின் முழங்கால் அவன் தலையில் இடித்தது. எழுந்து முழு ஆட்டமும் ஆடினான். மறுநாள் வீட்டுக்குக் கிளம்பியவன், காகித ஆலையைத் தாண்டிய நாற்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டான். பிறந்ததிலிருந்து போய்வந்த வழி. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அம்மாவின் போன் வந்தது.

"எங்கடா இருக்க? பொரிச்ச மீனெல்லாம் ஆறுது."

"டயர் பஞ்சர்மா."

வண்டியை ஓரங்கட்டி, சொந்த வீட்டுக்குப் போனில் வழி தேடினான்.

திங்களன்று, அணியின் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் டானா அவனைப் பரிசோதனைக்கு உட்காரவைத்தார். நடிக்காமல் பதில் சொன்னால் மார்க்கு மாறிவிடும், தன் வாயால் சொல்லாமலே கணினி காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினான். இந்த முறை உயிரைக் கொடுத்து யோசித்தான். நான்குதான் வந்தன.

"அச்சு அசலா பழைய மார்க்கு! உன் மண்ட கருங்கல்லுடா," என்றார் டானா. "தலவலி? வெளிச்சம் கூசுதா?"

"இல்லைங்க, மேடம்." பழகிய நாக்கு தானே பொய் சொன்னது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அதே தலையோடு மோத வேண்டும். அதுவும் கடைசி வருடத்துப் பையன்கள் அம்மாவின் கையைப் பிடித்து மைதானத்தில் நடக்கும் நாள். ஊரிலிருந்து சபை பஸ்ஸே கிளம்பி வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா போன் செய்தாள். மஞ்சள் கவுன் எடுத்திருக்கிறாளாம், தொப்பியும் மஞ்சளாம்.

"சரிம்மா. நாளைக்கு என்ன கலர் போடற?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"மூணாவது தடவ கேக்கற, கண்ணு. அன்னிக்கு டயர் பஞ்சர் ஆகல, இல்ல?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"கவுன அடுத்த வாரமும் போட்டுக்கலாம். தலைக்கு நான் எந்தக் கடைக்குடா போவேன்? போய்ச் சொல்லு."

நேராக டானாவின் அறைக்குப் போனான்.

"குதிரை, எலுமிச்சை, ஏணி, மெழுகு, பாலம், கம்பளி, தவளை, சாவி, புயல், வெண்ணெய்."

டானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கணினியில் அவனுடைய முதல் வருடப் பரிசோதனையைத் திறந்து பார்த்தார். பத்தும் சரி.

"இது உனக்கு..."

"அன்னிக்கே தெரியும். வேணும்னே தப்பாச் சொன்னேன்."

"அப்ப திங்கக்கிழம?"

"அது நெசமாவே வரலைங்க."

டானா எழுந்துபோய் அவன் ஹெல்மெட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேற யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கியா?"

"யாருக்கும் இல்லைங்க." தான் போனது போதும், பையன்களையும் இழுப்பானேன் என்று நினைத்தான்.

சனிக்கிழமை அம்மாவோடு நடந்தான். மஞ்சள் தொப்பி வெயிலில் கண்ணைக் குத்தியது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியபோது அழுகை வந்தது. மறைக்க ஹெல்மெட்டும் இல்லை.

அவன் இடத்தில் எல்லிஸ் ஆடினான். பாதி ஆட்டம் தாண்டி, தலையைக் குனிந்து ஒருவன்மேல் மோதினான். எழுந்தவன் நேராக எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. கார்டெல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"நல்லாத்தான் இருக்கேங்க," என்று மைதான ஓரத்தில் விசாரித்த டானாவிடம் சொல்லிவிட்டு, அவர் தோளுக்கு மேலாக தன் வாத்தியார் கார்டெலைப் பார்த்துக் கண்ணடித்தான் எல்லிஸ். கார்டெல் அவன் ஹெல்மெட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அண்ணே, வெளையாடாதீங்க. டெஸ்ட் வெச்சாலும் நான் பாஸ்தான்."

"அதான்டா பயமா இருக்கு."

"நீங்கதான் ஆட முடியல, என்னையும் ஏன்ணே கெடுக்கறீங்க?"

கார்டெல் ஹெல்மெட்டை டானாவின் கையில் திணித்தான்.

"நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன், மேடம். இவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இன்னும் மூணு பேர் இருக்காங்க. எனக்குப் பேரு மறக்கறதுக்குள்ள எழுதிக்குங்க."