காற்சட்டை போட்ட பூநாரைகள்

அட்லாண்டிக் சமுத்திரத்தில் நீந்தியவன் நான். சரி, பொய். முழங்கால் வரைக்கும்தான் இறங்கினேன். குளிரில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைக் காப்பாற்ற ஓடி வந்தாள்.

இன்றைக்கு இங்கிலாந்தில், எங்கள் மோர்டன் வீட்டுக் கூரைக்கடியில் உள்ள லொஃப்டில் ஏறி அந்தப் போர்த்துக்கல் பயணத்துச் சூட்கேஸைத் திறந்தேன். ஒரே தும்மல். போகும்போதே அதற்குள் கறித்தூள் பை வெடித்தது. இத்தனை வருசமாகியும் மணம் போகவில்லை. அந்த ஒரு வாரமும் எங்கள் உடுப்பெல்லாம் நண்டுக்கறி மணந்தது. பூனைகள் பின்னால் வந்தன என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள், ஒரு பூனைதான்.

மகள் அபிக்கு அப்போது ஏழு வயது. போர்த்துக்கல் போனால் ரோஸ் நிறப் பூநாரை காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ரீச்சர் வேறு, "வந்து எல்லாருக்கும் கதை சொல்ல வேணும்" என்று சொல்லியிருந்தா.

முதல் நாள் எனக்கு ராசியான நாள். பழைய பட்டணம், வெள்ளைச் சுவர், கோட்டை. ரொட்டி வாங்கக் கடையில் போய் "பாண்!" என்றேன். பாண் வந்தது! சப்பாத்து, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கீசர் அந்தக் காலத்தில் நம்மூர் இலங்கையில் விட்டுப்போன சொற்கள்தானே. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு ஒரு மணித்தியாலத்தில் போர்த்துக்கீசம் வந்துவிட்டது. அபி வாயைப் பிளந்து பார்த்தாள். தேவாலயக் கோபுரத்தில் வெள்ளை நாரைகள் கூடு கட்டியிருந்தன.

"அப்பா, இதுவா?"

"சீ, இவை அவையின்ர மச்சாள்மார். ரோஸ் ஆக்களை நாளைக்குக் காட்டுறன்."

நாளை நாளை என்று கடைசி நாளும் வந்துவிட்டது. உப்பளம் உப்பளமாகக் காரை விட்டேன். ஒரு இறகுகூட இல்லை. பின்னேரம் கடற்கரை வளைவில் திரும்பினால், தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் ஒரு வரிசை! ரோஸ் நிறம். எல்லாம் ஒற்றைக்காலில்!

"அங்க பார் பிள்ளை, பூநாரை!" என்று கத்திக்கொண்டு மணலில் ஓடினேன். அபி எனக்கு முன்னால் ஓடினாள்.

கிட்டப் போனோம். வெயிலில் வெந்து இறாலாய்ச் சிவந்த இங்கிலாந்துப் பென்சன்காரர்கள், ஒற்றைக்காலில் நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களுக்குக் கைகாட்டினார்.

பின்னால் மூச்சு வாங்க வந்த மனைவி ரதி கேட்டாள்: "உங்கட நாரையளுக்கு ஆரப்பா காற்சட்டை போட்டுவிட்டது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அபி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அதோடு என் சிரிப்பும் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் ரீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டா. "அபி வகுப்பில் சொன்னாள், ஒரு வரிசை நிறையப் பூநாரை காட்டினீர்களாமே! ஒன்று செட்டைகூட அடித்ததாமே!" என்று வியந்தா. நான் அபியைப் பார்த்தேன். அவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் ரீச்சர், கனக்க" என்றேன்.

எனக்காகக் கூசாமல் பொய் சொன்ன அந்த ஏழு வயசுக்காரி இப்போது இல்லை. அவள் இடத்தில் இருபத்திநாலு வயசு அபி கீழே நிற்கிறாள். அதே கரைக்குச் சிநேகிதிகளோடு போகிறாள். எந்தப் பறவையைக் காட்டினாலும் அவளுடைய போன் பெயர் சொல்லும். நான் தேவையில்லை, சூட்கேஸ் மட்டும்தான் தேவை.

அது கிடக்கட்டும், அந்தக் கறித்தூளைப் பார்த்துவிட்டு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி விரலால் தொட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்...

"அப்பா! கமோன்! டாக்ஸி வெயிட்டிங்!"

"வாறன் பிள்ளை, வாறன்!"

"ஃபிளமிங்கோ ஃபோட்டோ அனுப்பட்டா? காற்சட்டை போட்டதோ, போடாததோ?"