புகைக்கொட்டகையிலிருந்து குழந்தை வார்டுக்கு

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமா சொல்ல இப்ப தெம்பில்லை. காத்துக்கு வழி செய்யுற வேலையில ஒரு தொல்லை உண்டு: சரியா செஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாது, தப்பா செஞ்சா ஒரு உயிர் போன பிறகுதான் தெரியும். ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கைத் தின்னு உயிரைப் பிடிச்சு வச்சிருந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரிச்சட்டி

மலாயாவுல மந்தின் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்துல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுறவன் நான். ரப்பர் வாங்க ஆளில்லாம கொட்டகையை மூடிட்டாங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியிலயோ கூட்டம். தாய்மாருக்குச் சோறு இல்லை, பிள்ளைங்க மாசம் நிறையாமலே அணில்குஞ்சு மாதிரி வந்து விழுந்துச்சுங்க. அதுங்களுக்குச் சூடு வேணும்னு சின்ன அறையில பிள்ளைங்களைப் பெட்டியில கிடத்தி, சன்னலை அடைச்சு, கரிச்சட்டி வச்சிருந்தாங்க. ஒருநாள் அதுல ஒரு பிள்ளை அழாமலே போயிருச்சு.

டிரசரையா, அதான் அங்கே மருந்து கொடுக்கிறவர், என் வீட்டு வாசலுக்கே வந்துட்டார். கண்ணு சிவந்து கிடந்துச்சு. "சூட்டை உள்ளே நிறுத்தி ஈரத்தை வெளியே விடுறவன்தானே நீ? எனக்கு அந்தக் கரிக்காத்தை வெளியே விட்டுக் குடு, வீரா."

கந்தல்

கொட்டகையில செஞ்சதையே செஞ்சேன். கீழே சுவத்துல துளைங்க, அதையொட்டி உட்பக்கமா கரிச்சட்டி. உள்ளே வர்ற காத்து சூடாகித்தான் வரும். எதிர்ப்பக்கம் கூரையடியில ஒரு கதவு, கெட்ட காத்து வெளியே போக. மறுநாள் போய்ப் பார்த்தா அத்தனை துளையிலயும் பழைய சேலைக் கந்தல்! ஆயா பாக்கியம் வேலை. பிடுங்கினேன். அவ திரும்ப அடைச்சா. மூணு பிள்ளை உள்ளே கிடக்க, நாங்க ரெண்டு பேரும் துணியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நின்னோம்.

"பச்சப்புள்ளைக்குக் காத்தா? உன் ரப்பர் ஷீட்டுக்கு இருமல் வராதுய்யா, போய்யா!"

இலவம் பஞ்சு

அந்த மூணுல ஒண்ணு அஞ்சலையோடது. அவ பால்மரம் வெட்டுறவ, அதான் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவ. புருஷனைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவளுக்குன்னு மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிக்குள்ளே கிடந்த உயிர் ஒண்ணுதான். எங்க சண்டையை அவ பார்த்துக்கிட்டே இருந்தா. பிறகு எழுந்து போய், கொஞ்சம் இலவம் பஞ்சை நூல்ல கட்டி, பிள்ளைக்கு நேர் மேலே தொங்கவிட்டா. கூரைக்கதவுகிட்ட இன்னொண்ணு.

பிள்ளை மேலே தொங்கினது ஆடுச்சு. பாக்கியம் சொன்னதுலயும் நியாயம் இருந்திருக்கு! துளைக்கு முன்னால ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சேன். ஆட்டம் நின்னுச்சு. மேலே இருந்தது மட்டும் மெல்ல வெளிப்பக்கமா சாஞ்சுது. பாக்கியம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, மிச்சக் கந்தலைத் தானே உருவிட்டா.

"அங்கே ஆடணும், இங்கே ஆடக்கூடாது. அவ்வளவுதாண்ணே, இதுக்கு எதுக்குச் சண்டை?"ன்னா அஞ்சலை.

வெளிச்சம்

காத்து வந்தா மட்டும் போதுமா? பால் வேணுமே. மூணுல ஒண்ணு போயிருச்சு. அந்த வாரமே தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக் கூரையில வெளிச்சம் தெரியுதாம், விமானம் குண்டு போடும்னு ராத்திரி வெளிச்சத்துக்குத் தடையாம், பொழுது சாய ஜப்பான்காரன் வருவானாம், அதுக்குள்ளே கதவை அடைச்சுடணுமாம். விளக்கை அணைச்சா பால் புகட்ட முடியாது. கதவை அடைச்சா பழைய கதைதான். நான் ஆணியும் சுத்தியலுமா ஏணியில நின்னேன்.

அஞ்சலை ஒரு கோணிச்சாக்கை ரெண்டா மடிச்சு எடுத்துட்டு வந்தா. அதைக் கதவுமேல ஒட்டாம, வெளியே ஒரு சாண் தள்ளித் தொங்கவிடச் சொன்னா. வெளிச்சம் சாக்குல முட்டி நின்னுச்சு. காத்து சாக்குக்குக் கீழே வளைஞ்சு போச்சு. ஜப்பான்காரன் வந்து கட்டடத்தைச் சுத்தினான். சாக்குக்கு நேர் கீழே நின்னு அண்ணாந்து பார்த்தான். உள்ளே அவ பிள்ளைக்குப் பால் புகட்டிக்கிட்டுத்தான் இருந்தா.

கிராணி எட்டிப் பார்த்து, "போறான். எல்லாரும் மூச்சு விடுங்கலா"ன்னார்.

வீட்டுக்கு

அவ பிள்ளை தேறி, வாய்விட்டு அழ ஆரம்பிச்சுது. லயத்து வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்னு டிரசரையா சொல்லிட்டார். புருஷனைப் பத்தி அதுவரைக்கும் ஒரு சேதியும் இல்லை.

துளை போட்டவன், மருந்து கொடுத்தவர், கந்தல் அடைச்சவ எல்லாரும் அவளை வழியனுப்ப வாசல்ல நின்னுக்கிட்டிருக்க, வார்டுல எங்களுக்கு உண்மையான மேஸ்திரியா இருந்த அந்தப் பஞ்சை அவ அவிழ்த்து, அன்னைக்குக் காலையில வந்த பிள்ளையோட பெட்டிக்கு மேலே கட்டிட்டுப் போனா.