மன்னி தட்டிப் பார்த்த ஆம்ப்ளிஃபயர்

புனேயில் வேலை பார்க்கும் என் அண்ணாவின் பேரன் போன வாரம் கைபேசியில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். இரண்டும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். "அத்தைப் பாட்டி, எதை வாங்கலாம், சொல்லு" என்று கீழே ஒரு வரி. படத்தைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் வாங்குவது, ஜாதகத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் குறட்டையைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான். ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் முகத்துணி கிழிந்திருந்தது. உள்ளே கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கும் வால்வு சூடேறும்போது அந்தத் துணியிலிருந்து கருகிய தூசி வாசனை ஒன்று வரும். படத்தில் வாசனை ஏது? எனக்கு வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் எனக்கு அந்த வாசனைதான். மாட்டுங்காவில் வீடு, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். வீணை கற்றுக்கொள் என்றார் அப்பா. நான் ஹவாயன் கிடாரைப் பிடித்துக்கொண்டேன். மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைத் தந்திமேல் இழுத்து இழுத்து வாசிப்பது. என்னுடையது மின்சாரக் கிடார், வயிறு இல்லாத வெறும் பலகை. ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் ஊமை. அந்த ஊமையோடுதான் ரொம்ப நாள் சாதகம் செய்தேன். குனிந்து மோவாயைப் பலகையில் அழுத்திக்கொண்டால் எலும்பு வழியாகக் கொஞ்சம் கேட்கும். மோவாயில் சிவப்பாகத் தடம் விழும். ஆபீசில் பல்வலியா என்பார்கள், ஆமாம் என்பேன்.

தாராவியில் பெட்டி தைக்கும் பட்டறை வைத்திருந்த செல்லையா அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். பிள்ளையார் சதுர்த்திக்குச் செம்பூர் பந்தலில் கச்சேரி. குழுவில் ஓர் இடம் காலி.

"பலகைய மட்டும் கொண்டாந்தா என்ன செய்யதுக்கு தங்கச்சி? சொந்தமா ஆம்ப்ளிஃபயர் இருந்தா வாங்க. ஆண்டாப் ஹில்லுல அக்கார்டியன் வாசிக்கிற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அவ்வளவு வெறியாக அதற்குமுன் நான் எதையும் கேட்டதில்லை. அப்பாவிடம் எனக்காக வாதாடியது மன்னி, அண்ணாவின் மனைவி. என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். "நான் கூடப் போய்ப் பாத்து வாங்கிண்டு வரேன்பா" என்று அவள் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே அப்பா தலையசைத்தார்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். தாதரில் டிராம் ஏறினோம், மடியில் குழந்தை மாதிரி கிடார். டிராமிலும் ஒரு வாசனை உண்டு, எண்ணெயும் இரும்பும். எதிரில் இருந்தவர் பெட்டிக்குள் என்ன, துணி தேய்க்கும் பலகையா என்று கேட்டார். மன்னி ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

சோர் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் ரேடியோக்களுக்கு நடுவே நாலைந்து ஆம்ப்ளிஃபயர்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துக் காட்டினார். அந்தச் சந்தில் தகரம் அடிக்கிற சத்தத்தில் நான் வாசித்தது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மன்னி அசரவில்லை. பித்தளைக் குடம் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றின் தலையிலும் விரல் முட்டியால் தட்டினாள். ஒன்று மட்டும் தட்டியதும் ஸ்பீக்கர் வழியாக 'ணங்' என்று பதில் சொன்னது.

"கணீர்னு இருக்குடி. ஓட்டை, கீறல் எதுவும் இல்லை. இதையே எடு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பளபளப்பாக வேறு இருந்தது. வாங்கிவிட்டோம்.

வீட்டு நிசப்தத்தில் அதன் குணம் தெரிந்தது. லோக்கல் ரயில் போனால் ணங். அப்பா நடந்தால் ணங். மன்னி சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்தால் ணங். நான் ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்து நிறுத்தினால் அது பிடித்துக்கொண்டு கீயென்று ஊளையிட்டது. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"யாருடி அழறா?"

குடத்துக்கு நல்லது ஆம்ப்ளிஃபயருக்கு ஆகாது என்று அப்போதுதான் புரிந்தது. தட்டினால் பாடுகிற வால்வு எல்லாவற்றுக்கும் பாடும். மன்னி முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. பொறுப்பு அவளுடையதாயிற்றே. சதுர்த்திக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி டிராம். கடைக்காரர் கையை விரித்தார். விற்றது விற்றதுதானாம். மன்னி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கிருந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"தூஸ்ரா தேவ். நை தோ ஹம் இதரீச் பைட்டேகா." வேறு கொடு, இல்லாவிட்டால் இங்கேயேதான் உட்காருவேன் என்று அர்த்தம். அவள் ஹிந்திக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது, பயமும் கிடையாது.

வருகிற கிராக்கியெல்லாம் அவளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகவே, அவர் சலித்துப்போய், "லேலோ பாபா, ஜோ சாஹியே லேலோ" என்றார், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று.

எழுந்து திரும்பத் தட்ட ஆரம்பித்தாள். கிழிந்த முகத்துணியோடு மூலையில் கிடந்த ஒன்றிடம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "சுத்த மக்குடி இது. வாயே திறக்க மாட்டேங்கறது."

"அதான் மன்னி வேணும்."

ஒரே ஒரு தந்தியை மீட்டி இரும்பை மேலே நகர்த்தினேன். தகரச் சத்தம் சற்றே ஓய்ந்த இடைவெளியில் அந்த ஒலி மெதுவாக, உடையாமல் கரைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செம்பூர் பந்தலில் வாசித்தேன். செல்லையா அண்ணன் கைதட்டலைக் காட்டி, "அடுத்த வாரம் தாணே, பாத்துக்கிடுங்க" என்றார். இடம் எனக்குத்தான். கல்யாணமான பிறகும் சில வருஷங்கள் வாசித்தேன்.

ஒவ்வொரு தடவையும் மன்னியைக் கூப்பிடுவேன். "நான் வந்துட்டா அப்பாக்கு யாருடி சாதம் போடறது?" என்பாள். அது கேள்வி இல்லை என்பதால் எங்கள் வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை. பெண் மேடையேறலாம் என்பதுவரை வந்திருந்தோம். மருமகள் போய்க் கேட்கலாம் என்பதுவரை வரவில்லை.

டிராம் நின்றுபோயிற்று. செல்லையா அண்ணன் காலமானார், குழு கலைந்தது. அப்பாவும் போன பிறகு ஒரு நாள் மன்னி தானாகவே கேட்டாள். "இப்பல்லாம் சாயங்காலம் சும்மாதாண்டி இருக்கேன். உன் கச்சேரி அடுத்தது எப்போ?"

நான் கிடாரைத் தொட்டே பல வருஷங்கள் ஆகியிருந்தன.