பிரியாணிச் சட்டியின் மிச்சப் பக்கங்கள்

எனக்குக் குர்ஆன் தடங்கலில்லாமல் ஓத வரும். தமிழ் அப்படியில்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வீட்டுக்குக் கடிதம் ஏதும் வந்தால், கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லி மகனிடம் நீட்டிவிடுவேன். இன்றுவரைக்கும் அவனுக்கு நான் கண்ணாடியைத் தொலைக்கிறவள், அவ்வளவுதான்.

இந்த விஷயம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரை விட்டுத் துரத்திய நேரம் என்னோடு ஒரே வள்ளத்தில் கல்பிட்டியில் வந்து இறங்கியவள். பாலாவிக்குக் கிட்ட, முதலில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல்வீட்டிலுமாக, முப்பது வருடத்துக்கு மேல் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. நாலைந்து வயது இளையவள் என்பதால் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

என் கணவர் மௌத்தாகி நான் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அவள் தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தாள். இத்தாவில் இருக்கிற விதவை வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. முதல் கிழமை எனக்கு ஆறுதல் சொன்னாள். இரண்டாம் கிழமையில் ஆறுதல் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அவளுடைய மகன் கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியவை. எல்லாம் ஒரே ஆளின் கதை. ஆள் ஒரு பத்திரிகை நிருபர். களவு, கொலை, காணாமல் போனது என்று எதையும் துப்புத் துலக்கப் போவான். போகிற இடத்தில் நாய்க்குப் பயந்து பிழையான வீட்டுக்குள் ஓடுவான். அந்த வீட்டில்தான் உண்மை இருக்கும். எங்கே போனாலும் பிளேன்டீ கேட்டுக் குடிப்பான். பகிடி வருமுன்னமே அவள் சிரித்துவிடுவாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் நிருபர் ஒரு முதலாளியின் வீட்டுக்குள் பிடிபடப் போகிற இடம்.

"இப்ப எங்க அவன்?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்குக் கீழ, ராத்தா. மூச்சுக் காட்டாமக் கிடக்கான்."

"கால் வெளிய தெரியுமே?"

"தெரிஞ்சிச்சி. இழுத்துக்கிட்டான்."

"பாவம், வந்தவன் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கல்ல. ஆக்கள் போகுமட்டும் அப்படியே கிடக்கட்டும்."

என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, அந்த நேரம் பார்த்துக் குசினி வாசலால் வந்திருக்கிறார். இத்தா இருக்கிற வீடு, கட்டிலுக்குக் கீழே ஓர் ஆண். அறைக்குள் வரும்போது அவர் கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி இருந்தது.

"எங்கடி அவன்? வெளிய வாடா, ஹறாங்குட்டி!"

முழங்காலூன்றிக் கட்டிலுக்குக் கீழே தும்புத்தடியால் குத்தினார். என் கணவரின் பழைய செருப்பு ஒன்றுதான் வெளியே வந்தது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் செருப்பைப் பார்த்ததில் எனக்கு அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"புத்தகத்தில உள்ளவன், மதினி," என்றேன்.

மதினி எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார். "மையத்து வீட்டில ஓதுறதுக்கு உங்களுக்கு இதுதான் கிடைச்சிச்சா?" என்று ஏசினார். கொஞ்சம் பொறுத்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "பொறகு? பிடிச்சாங்களா அவன?"

இத்தா முடிந்த பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. ஒவ்வொன்றாகக் கடைசிப் புத்தகத்துக்கு வந்தோம். அதில் ஒரு கலியாண வீட்டின் பிரியாணிச் சட்டி, தூக்குவதற்கே நாலு ஆள் வேண்டிய சட்டி, சமையல்காரனோடு சேர்த்துக் காணாமல் போகிறது. இன்னும் பதினொரு பக்கம் இருக்கும்போது அவள் புத்தகத்தை மூடினாள்.

"ராத்தா, மகன் ஊர்ல காணியத் துப்புரவாக்கி வீடு கட்டிட்டான். நாங்க போறம்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். "நல்லம் புள்ள, சந்தோசம்," என்றேன். நானும் வருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. எங்களை வள்ளத்தில் ஏற்றிவிட்ட மண்ணில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று நாலு பேருக்கு நடுவில் எப்போதோ சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவள் நான்.

லொறியில் சாமான் ஏற்றிய காலை அவள் புத்தகத்தை என் கையில் தந்தாள். "முடிவ வாசிச்சிட்டு எனக்குப் போன்ல சொல்லுங்க." முடிவு அவளுக்கும் தெரியாது. தெரியாமலே தந்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் இப்போது நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை செய்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். அஸர் முடிந்து அவர்களுடைய கேற் சத்தம் போட்டால் நான் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

வாசித்துப் பார்க்காமல் இல்லை. ஒரு பகிடியின் கடைசிச் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துபோகிறது. நாய் குரைக்கிறது, நிருபர் ஓடுகிறான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். "தாங்க மாமி, நான் வாசிச்சுச் சொல்றன்," என்று மருமகள் கேட்டாள். கொடுக்கவில்லை. கதை முடிந்துவிட்டால் ஊருக்குப் போனவள் என்னத்துக்காக இந்தப் பக்கம் வரப் போகிறாள்?

ஒவ்வொரு வெள்ளியும் அவள் போன் எடுப்பாள்.

"சட்டியக் களவெடுத்தது ஆரு ராத்தா?"

"இன்னும் பிடிபடல்ல புள்ள."

"பதினொரு பக்கத்துக்கு எத்தின மாசம்? அவன் நடந்தா போறான்?"

"அவன்ட ஸ்கூட்டர் பழுது."

"அப்ப மருமகளிட்டச் சொல்லி அந்தப் பக்கங்களப் போட்டோ எடுத்து அனுப்புங்களன்."

"கெமராவும் பழுது."

போன வெள்ளி அவள் சட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. முழங்கால் வருத்தமாம். மதவாச்சி சுற்றி அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருந்து வர இனி ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவள் பக்கத்தில் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது.

"புள்ள," என்றேன், "நான் வாசிக்கல்ல. எனக்கு வாசிக்க ஏலாதெண்டு உனக்குத் தெரியும்தானே. பின்ன என்னத்துக்கு என்ட கையில தந்தாய்?"

"நீங்க அதத் தூக்கிட்டு வருவீங்க எண்டுதான்," என்றாள்.

போனை வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டேன். மன்னாருக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன்.

"ஆருக்கு உம்மா?"

"எனக்கு."

"நீங்களா? அங்க கால் வைக்க மாட்டன் எண்டு சொன்னீங்களே?"

"நான் கேட்டது பஸ்ஸ," என்றேன்.